நர்ஸிங்கில் ‘சீக்கிரம் முடிக்கிற’ கோர்ஸ் எது? 6 மாதம், 2 ஆண்டு, 3 ஆண்டு, 4 ஆண்டு... பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு நர்ஸிங் ஆசை. ஒரு பட்டுப்புடவை இறங்கினால்தான் கூலி என்பதால் அப்பாவின் கவலை வேறு: “நாலு வருஷம் எப்படிம்மா தாங்கும்? சீக்கிரம் முடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?”

இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஊர் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்கள் உடனே பதில் சொல்லிவிடும். ‘6 மாதத்தில் நர்ஸிங்’, ‘1 வருட டிப்ளமோ நர்ஸிங், 100% வேலை உறுதி’, ‘10-ம் வகுப்பு ஃபெயில் ஆனாலும் சேரலாம்’. போன் செய்தால் அன்றைக்கே அட்மிஷன்.

ஆனால் உண்மையான பதில் அவ்வளவு எளிதல்ல. நர்ஸிங்கில் வேகமான பாதை இருக்கிறது. அது யாருக்கு என்பதுதான் விஷயம். பிளஸ் டூ முடித்தவருக்கு ஒரு கணக்கு, ஏற்கெனவே நர்ஸாக வேலை செய்பவருக்கு இன்னொரு கணக்கு, பி.காம். முடித்துவிட்டு இப்போது நர்ஸிங் பக்கம் வர நினைப்பவருக்கு வேறு கணக்கு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: சட்டப்படி யார் நர்ஸ்?

வெள்ளை யூனிஃபார்ம் போட்டவர் எல்லோரும் நர்ஸ் இல்லை. மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். தமிழ்நாட்டில் இந்தப் பதிவைத் தருவது ‘தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்’. இது 1926-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு.

எந்தப் படிப்பு எத்தனை வருடம், என்ன பாடம், எவ்வளவு நேரம் வார்டில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் நாடு முழுவதற்கும் வகுத்தது இந்திய நர்ஸிங் கவுன்சில். இது 1947 சட்டத்தால் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய அளவில் நர்ஸிங் மற்றும் மகப்பேறு பணிக்கான ஆணையம் அமைக்கும் புதிய சட்டம் 2023-ல் நிறைவேற்றப்பட்டது. அமைப்பின் பெயர் மாறினாலும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி மாறாது.

அந்தக் கேள்வி இதுதான்: “இந்தப் படிப்பை முடித்தால் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா?”

பதிவு கிடைக்கும் படிப்பு என்றால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம், மேல்படிப்பு படிக்கலாம், வெளிநாடு போகலாம். கிடைக்காது என்றால் இந்த மூன்று கதவுகளும் மூடியே இருக்கும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிய விஷயமில்லை. இரண்டு புடவையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஜரிகையைச் சோதித்துப் பார்த்தால்தான் எது அசல் என்று தெரியும். நர்ஸிங் சான்றிதழுக்கு அந்தச் சோதனை, பதிவு எண்.

என்னென்ன படிப்புகள்? ஒரே பார்வையில்

* ஏ.என்.எம்.: 2 ஆண்டு. பிளஸ் டூ முடித்த பெண்களுக்கானது. கிராமப்புற தாய்-சேய் நலப் பணிக்கான பயிற்சி. கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான வழி இது.

* ஜி.என்.எம். எனப்படும் டிப்ளமோ நர்ஸிங்: 3 ஆண்டு. முடித்தால் பதிவு பெற்ற நர்ஸ்.

* பி.எஸ்சி. நர்ஸிங்: 4 ஆண்டு, 8 செமஸ்டர். முடித்தால் பதிவு பெற்ற நர்ஸ், கூடவே பட்டதாரி.

* போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்ஸிங்: 2 ஆண்டு. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்.

* போஸ்ட் பேசிக் டிப்ளமோ: 1 ஆண்டு. தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளம் குழந்தைகள் பராமரிப்பு போன்ற ஒரு துறையில் சிறப்புப் பயிற்சி. பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு மட்டும்.

* எம்.எஸ்சி. நர்ஸிங்: 2 ஆண்டு. பட்டதாரி நர்ஸ்களுக்கு.

* நர்ஸ் பிராக்டிஷனர், தீவிர சிகிச்சை: 2 ஆண்டு ரெசிடென்சி. பட்டதாரி நர்ஸ்களுக்கு.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1 ஆண்டு, 2 ஆண்டு என்று குறுகிய காலத்தில் முடிகிற படிப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கானவை. பிளஸ் டூ முடித்து நேராக வருபவருக்கு, ஸ்டாஃப் நர்ஸ் ஆக வேண்டுமென்றால், குறைந்தது 3 ஆண்டு. அதற்குக் கீழே ஒரு வழி இல்லை.

அப்போ அந்த ‘6 மாத கோர்ஸ்’ என்ன?

நர்ஸிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட், பேஷன்ட் கேர் என்ற பெயர்களில் நடக்கும் பயிற்சிகள் அவை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளுக்குப் பயன்படும். அது கௌரவமான வேலைதான், தேவையும் இருக்கிறது. முறையாக நடக்கும் உதவியாளர் பயிற்சிகளும் உண்டு.

அந்தப் பயிற்சியை ‘நர்ஸ் படிப்பு’ என்று சொல்லி விற்கும்போதுதான் சிக்கல் வருகிறது. சில இடங்களில் சான்றிதழிலேயே ‘டிப்ளமோ இன் நர்ஸிங்’ என்று அச்சடித்துத் தருவார்கள். ஏதாவது ஒரு டிரஸ்ட் பெயரோ, வெளிமாநில அமைப்பின் பெயரோ இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கவுன்சிலுக்குப் போனால் பதிவு கிடைக்காது. இரண்டு வருடம் கழித்து ஜி.என்.எம். சேர நினைத்தாலும் படித்த காலம் கழிக்கப்படாது. முதல் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதாவது, 4 ஆண்டை மிச்சம் பிடிக்கப் போய் 1 ஆண்டையும் கட்டிய பணத்தையும் இழப்பதுதான் இதில் நடக்கும்.

பிளஸ் டூ முடித்தவருக்கு: ஜி.என்.எம்.-ஆ, பி.எஸ்சி.-யா?

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் விவாதம் இதுதான். ஒரு வருட வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

18 வயதில் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஜி.என்.எம். என்றால் 21 வயதில் சம்பளம் ஆரம்பம். பி.எஸ்சி. என்றால் 22 வயதில்.

ஆனால் பிறகு பட்டம் வேண்டும் என்று தோன்றினால், ஜி.என்.எம். முடித்தவர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 ஆண்டு படிக்க வேண்டும். மொத்தம் 5 ஆண்டு. நேராக பி.எஸ்சி. சேர்ந்தவர் 4 ஆண்டில் அதே இடத்துக்கு வந்துவிடுகிறார்.

எம்.எஸ்சி. வரை போவதென்றால்? பி.எஸ்சி. 4 ஆண்டு, பணி அனுபவம் 1 ஆண்டு, எம்.எஸ்சி. 2 ஆண்டு. மொத்தம் 7. ஜி.என்.எம். வழியில் 3, அனுபவம் 1, போஸ்ட் பேசிக் 2, எம்.எஸ்சி. 2. மொத்தம் 8.

ஆக, பட்டம் கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், 4 ஆண்டு படிப்புதான் குறுக்கு வழி. வீட்டுக்கு சீக்கிரம் வருமானம் வேண்டும், பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஜி.என்.எம். நல்ல வழி. முதலில் சம்பாதித்து, அந்தப் பணத்திலேயே போஸ்ட் பேசிக் படிப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

“ஜி.என்.எம்.-ஐ நிறுத்தப் போறாங்களாமே?” என்ற பேச்சும் அடிக்கடி வரும். டிப்ளமோவைப் படிப்படியாக நிறுத்தும் திட்டம் சில ஆண்டுகளுக்கு முன் அறிவிக்கப்பட்டது உண்மை. அது நடைமுறைக்கு வரவில்லை. படிப்பு தொடர்கிறது.

தகுதி என்ன?

பி.எஸ்சி. நர்ஸிங்குக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்சம் 45% மதிப்பெண். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40%. அந்த ஆண்டு டிசம்பர் 31-ல் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது 35.

ஜி.என்.எம்.-க்கு கவுன்சிலின் பொது விதி 40% மதிப்பெண். அறிவியல் பாடத்துக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் மற்ற குரூப் மாணவர்களுக்கும் இடம் உண்டு. இது அகில இந்திய விதி. தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்பது அந்தந்த ஆண்டு தகவல் குறிப்பேட்டில் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அதைப் படித்துப் பார்ப்பது முக்கியம்.

தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் சேர்க்கை நடத்துவது சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. அடிப்படை, பிளஸ் டூ மதிப்பெண். ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி. நர்ஸிங் சேர நீட் மதிப்பெண் வேண்டும். ராணுவ நர்ஸிங் கல்லூரிகளுக்கும் நீட் மதிப்பெண் பார்க்கப்படுகிறது. எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது.

இதைத் தெரியாமல், கவுன்சிலிங் தொடங்கும் முன்பே தனியார் கல்லூரியில் அட்வான்ஸ் கட்டிவிடுபவர்கள் பலர். கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்துவிட்டு, அங்கே என்ன கிடைக்கிறது என்று பார்த்த பிறகு முடிவெடுப்பதுதான் பாதுகாப்பு.

ஏற்கெனவே ஜி.என்.எம். முடித்தவருக்கு: நிஜமான ஃபாஸ்ட் டிராக் இதுதான்

இந்தியாவில் நர்ஸிங் பட்டத்தை வேகமாகப் பெறும் முறையான வழி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.தான். டிப்ளமோவில் கற்றதைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை. 2 ஆண்டில் பட்டம்.

தமிழ்நாட்டில் இதை நடத்தும் கல்லூரிகள் பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன. இது முழுநேரப் படிப்பு. அதனால் 2 ஆண்டு சம்பளம் நின்றுபோகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பட்டம் கிடைத்த பிறகு கூடப்போகும் சம்பளம், அந்த 2 ஆண்டு இழப்பை எத்தனை வருடத்தில் ஈடுகட்டும் என்று பேப்பரில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

“வேலையை விடாம, வார்டு பக்கமே போகாம, வீட்ல இருந்தே பி.எஸ்சி. முடிச்சிடலாம்” என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். நர்ஸிங்கில் கிளினிக்கல் பயிற்சி இல்லாத பட்டம் கிடையாது.

பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. வேறு பாடம் முடித்தவருக்கு: 15 மாதத்தில் முடிக்க முடியுமா?

இணையத்தில் தேடினால் ‘வேறு டிகிரி முடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் நர்ஸிங் பட்டம்’ என்று நிறைய வரும். அது பொய்யில்லை. ஆனால் அது அமெரிக்கா பற்றிய தகவல்.

அமெரிக்காவில் ‘ஆக்சிலரேட்டட் பி.எஸ்.என்.’ என்று ஒரு முறை உண்டு. ஏதாவது ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் சுமார் 11 முதல் 18 மாதத்தில் நர்ஸிங் பட்டம் பெறலாம். அங்கே வழக்கமான 4 ஆண்டுப் பட்டத்தில் கணிசமான பகுதி பொதுப்பாடங்கள். முதல் பட்டத்திலேயே அதைப் படித்துவிட்டதால் மறுபடி படிக்கத் தேவையில்லை. கூடவே விடுமுறையும் இருக்காது. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களைச் சேரும் முன்பே முடித்திருக்க வேண்டும். வார்டில் நிற்கும் நேரத்தில் மட்டும் சலுகை கிடையாது. இங்கிலாந்தில் பட்டதாரிகளுக்கு 2 ஆண்டு முதுநிலை நர்ஸிங், ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய அதே போன்ற 2 ஆண்டுப் படிப்பு உண்டு.

இந்தியாவில் அப்படி ஒரு பாதை இல்லை. நம் பி.எஸ்சி. நர்ஸிங்கில் முதல் செமஸ்டரிலிருந்தே உடற்கூறியலும் நர்ஸிங் அடிப்படைகளும் வந்துவிடும். பி.காம். படித்தவருக்குக் கழித்துக் கொடுக்க அதில் பெரிதாக எதுவும் இல்லை.

எனவே வேறு டிகிரி முடித்தவருக்கு இங்கே இருப்பது இரண்டே வழி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் பி.எஸ்சி. நர்ஸிங் 4 ஆண்டு, அல்லது ஜி.என்.எம். 3 ஆண்டு. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் என்றால் ஜி.என்.எம். மட்டும்தான் யோசிக்க முடியும். அதற்கும் அந்த ஆண்டின் தமிழ்நாட்டு விதிகளைப் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் டிகிரி, படிப்புக் காலத்தைக் குறைக்காது.

வெளிநாட்டில் வேகப் பட்டம் படிக்க நினைப்பவர்கள் கடன் வாங்கும் முன் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, அந்தப் படிப்பு அந்த நாட்டு நர்ஸ் பதிவுக்குத் தகுதி தருமா? இரண்டு, திரும்பி வந்தால் இந்தியாவில் அது சமமான படிப்பாக ஏற்கப்படுமா? இந்தியாவில் வேலை செய்ய, வெளிநாட்டுப் படிப்புக்குத் தேசிய கவுன்சிலின் தகுதிச் சமநிலை வேண்டும். தானாக வந்துவிடாது.

பி.எஸ்சி. நர்ஸிங் முடித்தவருக்கு: அடுத்து எது?

பட்டதாரி நர்ஸ் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் மூன்று வேறு வேலைகளுக்குப் போகின்றன. அதனால் ‘எது சீக்கிரம் முடியும்’ என்பதைவிட ‘எந்த வேலை வேண்டும்’ என்ற கேள்விதான் இங்கே உதவும்.

எம்.எஸ்சி. நர்ஸிங், 2 ஆண்டு: நர்ஸிங் கல்லூரியில் பாடம் நடத்தவும், நிர்வாகப் பொறுப்புக்கும் போக விரும்புபவர்களுக்கு. மருத்துவ-அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம் ஆகிய ஐந்து பிரிவுகள் உண்டு. பி.எஸ்சி.-யில் 55% மதிப்பெண்ணும், 1 ஆண்டு அனுபவமும் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு மதிப்பெண்ணில் 5% தளர்வு உண்டு. “முதல் வருஷ மார்க் யார் பார்க்கப் போறாங்க” என்று விட்டுவிடும் மாணவர்கள் பின்னால் மாட்டிக்கொள்வது இந்த 55%-ல்தான்.

நர்ஸ் பிராக்டிஷனர், 2 ஆண்டு: தீவிர சிகிச்சைப் பிரிவில், நோயாளி பக்கத்திலேயே இருந்து கூடுதல் பொறுப்பு எடுக்க விரும்புபவர்களுக்கு. 2016-17-ல் இந்தியாவில் அறிமுகமானது. வகுப்பறையைவிட ஐ.சி.யூ.வில்தான் அதிக நேரம். 1 ஆண்டு மருத்துவமனை அனுபவம் வேண்டும். எல்லாக் கல்லூரிகளிலும் கிடையாது.

போஸ்ட் பேசிக் டிப்ளமோ, 1 ஆண்டு: ஒரு குறிப்பிட்ட துறையில் கை தேர்ந்தவராக விரும்புபவர்களுக்கு. ஜி.என்.எம். படித்தவரும் சேரலாம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இதுபோன்ற மருத்துவமனைகளில் வேலை செய்ய நினைக்கும் நர்ஸுக்குப் புற்றுநோய் நர்ஸிங் டிப்ளமோ நேரடியாகப் பயன்படும். இது முதுநிலைப் பட்டம் அல்ல, கல்லூரியில் பேராசிரியர் ஆக உதவாது என்பதையும் தெரிந்தே சேர வேண்டும்.

வேலை: எந்தப் படிப்புக்கு எந்தக் கதவு?

தமிழ்நாடு அரசு வேலை: மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி. மூலம் நர்ஸ்கள் எடுக்கப்படுகிறார்கள். ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டுக்கும் ஒரே பணியிடம்தான். மாநில கவுன்சில் பதிவு கட்டாயம். ஒப்பந்த அடிப்படையில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலியிடம் வரும்போது காலமுறை ஊதியத்துக்கு மாறுவது நடைமுறை. அந்தக் காத்திருப்பு நீள்வதால்தான் ஒப்பந்த நர்ஸ்கள் அவ்வப்போது போராட்டம் நடத்துகிறார்கள். ‘அரசு வேலை கிடைச்சிடுச்சு’ என்பதும் ‘நிரந்தரமாகிடுச்சு’ என்பதும் வேறு வேறு.

எய்ம்ஸ்: ‘நார்செட்’ என்ற பொதுத் தேர்வு மூலம் எடுக்கிறார்கள். பி.எஸ்சி., போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தவர்கள் நேரடியாக எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவருக்கு 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். ஏழாவது ஊதியக் குழுப்படி இதன் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. பட்டத்துக்கும் டிப்ளமோவுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும் இடம் இது.

வளைகுடா நாடுகள்: பொதுவாக 2 ஆண்டு அனுபவம், அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு. குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்புவது 2015 முதல் அரசு ஏஜென்சிகள் வழியாக முறைப்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்யும் அரசு நிறுவனம், சென்னையில் உள்ள ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்.

இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி: இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போனபின் செயல்முறைத் தேர்வு. அமெரிக்காவுக்கு ‘என்க்ளெக்ஸ்’ தேர்வு. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி-2 நிலை. மூன்றுக்குமே முதலில் கேட்பது இந்தியப் பதிவு.

காஞ்சிபுரத்தில் இருந்து படிக்க: தூரமும் செலவும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் செங்கல்பட்டு, 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. ரயிலில் போய்வரும் தூரம்தான். சென்னையில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் நர்ஸிங் கல்லூரி இருக்கிறது. இன்னொரு பக்கம் வேலூர் சி.எம்.சி. அங்கே 1909-ல் நர்ஸிங் பள்ளி தொடங்கியது. இந்தியாவில் நர்ஸிங் பட்டப்படிப்பு முதலில் வந்த இடங்களில் அதுவும் ஒன்று. ஆண்டு 1946.

புதிய வாய்ப்பும் வருகிறது. நாடு முழுவதும் 157 புதிய அரசு நர்ஸிங் கல்லூரிகளுக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. 2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளுடன் சேர்ந்து இவை அமையும் திட்டம். கவுன்சிலிங் பட்டியலில் எந்தெந்த அரசுக் கல்லூரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு ஆண்டும் பார்ப்பது நல்லது.

“வீட்ல இருந்தே போய் வரலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம்” என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வார்டு போஸ்டிங் காலையிலேயே தொடங்கும். பயிற்சியில் இரவு ஷிஃப்டும் உண்டு. தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்வருவது முதல் ஆண்டில் முடியும், கடைசி ஆண்டு இன்டர்ன்ஷிப்பில் கஷ்டம்.

பணத்துக்கு என்ன வழி?

* அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்த மாணவிகளுக்கு ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. பட்டப்படிப்புக்கும் டிப்ளமோவுக்கும் பொருந்தும்.

* மாணவர்களுக்கு இதேபோல ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம், 2024 ஆகஸ்ட் முதல்.

* எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை.

* கல்விக் கடன்: வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. ‘வித்யாலட்சுமி’ தளம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு பயனும் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத கோர்ஸுக்கு வங்கி கல்விக் கடன் தராது. கல்லூரி ஆபீஸில் “பேங்க் லோன் எல்லாம் வேண்டாம், நாங்களே தவணை போட்டுத் தர்றோம்” என்று அவசரப்படுத்தினால், வங்கியில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, இந்தக் கல்வியாண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? ஜி.என்.எம்.-க்கு அங்கீகாரம் இருந்து பி.எஸ்சி.-க்கு இல்லாமல் இருக்கலாம். கல்லூரி காட்டும் பழைய போட்டோகாப்பி போதாது. கவுன்சில் இணையதளத்தில் உள்ள பட்டியலை நீங்களே பாருங்கள்.

2. எத்தனை இடங்களுக்கு அனுமதி? 60 பேருக்கு அனுமதி வாங்கி 90 பேரைச் சேர்த்தால், மீதி 30 பேரின் பதிவு கேள்விக்குறி.

3. பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது? பி.எஸ்சி. என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா, இல்லை நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்று கேளுங்கள்.

4. கிளினிக்கல் பயிற்சி எந்த மருத்துவமனையில்? கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? முடிந்தால் ஒரு நாள் நேரில் போய் வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

5. மொத்தக் கட்டணம் எவ்வளவு? டியூஷன் மட்டும் சொல்வார்கள். ஹாஸ்டல், யூனிஃபார்ம், புத்தகம், தேர்வுக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 4 ஆண்டுக்கும் எழுதி வாங்குங்கள்.

6. ஒரிஜினல் சான்றிதழ்களை எப்போது திருப்பித் தருவார்கள்? சரிபார்த்துவிட்டுத் தர வேண்டும். பாதியில் விலகினால் தரமாட்டோம் என்றால் அங்கே சேர வேண்டாம்.

7. கடந்த ஆண்டு முடித்தவர்கள் பதிவு பெற்றுவிட்டார்களா? ஒரு சீனியரிடம் பேச அனுமதி கேளுங்கள். இதற்குத் தயங்கும் கல்லூரியைப் பற்றி இரண்டு முறை யோசிக்கலாம்.

ஏற்கெனவே குறுகிய கோர்ஸில் சேர்ந்துவிட்டால்?

முதலில் பயப்பட வேண்டாம். சான்றிதழில் உள்ள படிப்பின் பெயரையும் வழங்கும் அமைப்பின் பெயரையும் எடுத்துக்கொண்டு மாநில நர்ஸிங் கவுன்சிலிடம் பதிவு கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால், அடுத்த தவணையைக் கட்டும் முன் நிறுத்துவதுதான் குறைந்த நஷ்டம். ‘நர்ஸ் படிப்பு’ என்று விளம்பரம் செய்து ஏமாற்றியிருந்தால் நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் காவல் நிலையத்திலும் புகார் தரும்போது இவைதான் ஆதாரம்.

வயது 35-க்குள் என்றால் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. உதவியாளராக வேலை செய்த அனுபவம் பாடத்தில் கழிக்கப்படாது. ஆனால் வார்டு பழகியவருக்கு முதல் ஆண்டு நிச்சயம் எளிதாக இருக்கும்.

சரி, பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு என்ன பதில்?

மகள் பிளஸ் டூவில் உயிரியல் படித்து, மதிப்பெண்ணும் இருந்தால் முதலில் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கட்டும். பி.எஸ்சி., டிப்ளமோ இரண்டுக்கும். அரசுக் கல்லூரியிலோ அரசு ஒதுக்கீட்டிலோ பி.எஸ்சி. கிடைத்தால் 4 ஆண்டு தாங்குவதுதான் லாபம். பி.எஸ்சி. தனியாரில் அதிகக் கட்டணத்துக்குத்தான் கிடைக்கும், டிப்ளமோ அரசு நிறுவனத்தில் கிடைக்கிறது என்றால், கடனில்லாத அந்த 3 ஆண்டு தயங்காமல் எடுக்கலாம். சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு 2 ஆண்டு போஸ்ட் பேசிக் படிக்க வழி இருக்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும் கடைசியில் கையில் வருவது பதிவு எண்.

நோட்டீஸில் உள்ள நம்பருக்குப் போன் போடும் அப்பாவிடம் மகள் கேட்கச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “முடிச்சா கவுன்சில் பதிவு கிடைக்குமாங்க? எழுதித் தருவீங்களா?” எதிர்முனையில் பதில் சுற்றி வளைத்து வந்தால், போனை வைத்துவிடலாம்.